தேறிட்டான் என்று சொன்னோம்

ஓட்டோவை இடது பக்கம் வளைத்தால் ஹான்டில் அவன் வயிற்றில் போய் முட்டும். அதற்கு அவன் ஒரு வழி வைத்திருந்தான். வளைவு வருமுன்பே மூச்சை உள்ளே இழுத்து வயிற்றை எக்கிக்கொள்வான். வளைத்து முடிந்ததும் புஸ்ஸென்று விடுவான். கல்லடிப் பக்கத்துச் சந்து ஒழுங்கைகளில் வளைவுக்கா பஞ்சம்? ஒரு காலைக்குள் அந்த மனிதன் எத்தனை தரம் மூச்சைப் பிடித்து விட்டிருப்பான் என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். அப்போது பார்த்துச் சிரித்தோம். முதலில் சிரித்தவன் நான்.

தெருத்தெருவாகப் பாண் ரொட்டி விற்கிற என்னுடைய ஓட்டோ ஒன்றை அவன் எட்டு வருடம் ஓட்டினான். பிள்ளைகளுக்கு அவன் பாண் மாமா. பெரியவர்களும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பேரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

என்னைப் பற்றி இரண்டு சொல் சொல்லாமல் அவனைப் பற்றிச் சொல்ல ஏலாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சைக்கிள் கரியரில் மரப்பெட்டி கட்டி ஊர் ஊராகப் பாண் விற்றவன். வெள்ளத்திலும் விற்றேன், ஊரடங்கிலும் விற்றேன். இன்றைக்கு வாவிக்கரையில் எனக்குப் பாண் சுடுகிற மூன்று போறணை எரிகிறது. விடிந்தால் ஒன்பது ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு புறப்படும். பெரிய படிப்புப் படித்தவர்கள் என் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறார்கள். எழுபத்திரண்டு வயதில் இந்த உடம்பில் ஒரு பிடி கொழுப்புக் கிடையாது. ஒருவரும் எனக்குத் தூக்கித் தரவில்லை, எல்லாம் நானே பண்ணினது. அதனால் எனக்குள் ஒரு எண்ணம் ஊறிப் போயிருந்தது. வாயையும் காலையும் தன் சொல்லுக்குள் வைத்திருக்கிறவனை ஒரு நோயும் வருத்தமும் அண்டாது என்று.

அவன் தொடக்கத்திலேயே கொஞ்சம் பருத்த ஆள்தான். அதை அவன் மறைக்கவும் இல்லை, அதற்காகக் குனியவும் இல்லை. ஒருநாள் அவனுக்குக் கொடுத்த புதிய ஓட்டோ எப்படி ஓடுகிறது என்று பார்க்க நான் பின்னால் மோட்டார் சைக்கிளில் போயிருந்தேன். ஒழுங்கைத் தொங்கலில் ஒரு பெண் பாண் வாங்க வந்தவள் கேட்டாள்.

"என்னகா பாண் மாமா, ஓட்டோ ஒரு பக்கமாச் சரியுது? மற்றப் பக்கம் ஆரையும் ஏத்துங்களன்."

"நீங்க ஏறுங்க அக்கா. நேரா ஓடும்."

"ச்சீ, போங்க! நீங்க பாண் விக்கிறீங்களா, தின்னுறீங்களா?"

"ருசி பாக்காம விக்கிறது பாவம்தானே."

அந்த ஒழுங்கையே சிரித்தது. வேலிக்கு வேலி ஒரு தேத்தண்ணி வந்தது. மூன்று கரண்டி சீனி போட்டது. மத்தியானம் ஏதாவது ஒரு வீட்டில் சோறும் கிடைக்கும். நாள் முழுக்க இருந்த இருப்பில் வேலை, கைக்கெட்டும் தூரத்தில் சூடான பணிஸ். அதோடு எங்கள் போறணையில் ஒரு பழக்கம் இருக்கிறது. விற்றுத் தீராமல் திரும்பி வருவதை ஓட்டுகிறவனே வீட்டுக்குக் கொண்டு போகலாம். அதை வைத்தது நான்தான். நல்ல முதலாளி என்று பேர் வாங்கித் தந்த பழக்கம் அது.

அவனுக்கு ஒரே மகள், இரண்டாம் வகுப்பு. எங்கள் போறணையில் நீளமாக, முதுகில் சீனி தூவி ஒரு பணிஸ் போடுகிறோம். பிள்ளைகள் அதை முதலை என்றுதான் கேட்பார்கள். பெட்டி ஏற்றும்போது அவன் முதலில் ஒரு முதலையை எடுத்துக் கடதாசியில் சுற்றி, ஆசனத்துக்குக் கீழே வைப்பான். பிறகுதான் மற்றச் சாமான் ஏறும். அவளுடைய பள்ளிக்கூட ஒழுங்கைக்கு இடைவேளை மணி அடிக்கிற நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேருவான். பாட்டுச் சத்தம் கேட்டதும் படலையடியில் பிள்ளைகள் குவியும். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு கை மட்டும் காசில்லாமல் நீளும்.

அந்தப் பிள்ளை டெங்குக் காய்ச்சலில் போனது. நாலு நாள். அவ்வளவுதான்.

சடங்கெல்லாம் முடிந்து, முப்பத்தோராம் நாளும் கழிந்து அவன் வேலைக்கு வந்தபோது கன்னம் ஒட்டி, சேர்ட் தோளில் தொங்கியது. அவன் பெண்சாதி மண்டூரில் தமக்கை வீட்டுக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க ஏலாமல் போயிற்று. எங்கள் போறணையில் எல்லோரும் அவனைச் சாப்பிட வைப்பதையே ஒரு வேலையாக எடுத்துக்கொண்டோம். "தின்னு மனே, தின்னு" என்று நானே பக்கத்தில் இருந்து பணிஸ் பிய்த்துக் கொடுத்திருக்கிறேன். ஒழுங்கைகளில் பெண்கள் கூடக் கொஞ்சம் சோறு போட்டுக் கொடுத்தார்கள்.

அவன் தின்னத் தொடங்கினான். இரண்டு மாதத்தில் கன்னம் நிரம்பியது. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது. நோய் வருத்தத்தில் கிடந்தவன் எழும்பினாலும் தேறிட்டான் என்போம். மெலிந்தவன் சதை வைத்தாலும் தேறிட்டான் என்போம். இரண்டுக்கும் ஒரே சொல்தான். அதனால் ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதும் நடந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

"பாண் மாமா தேறிட்டார்."

"ஓம், இப்பதான் முகத்தில ஒரு களை வந்திரிக்கு."

அவனுக்கு நேரேயும் சொன்னோம். அவன் சிரிப்பான். கடைவாயில் பணிஸ் இருக்கும்.

தேறிக்கொண்டே போனான். போறணைக்குத் திரும்பி வரும் பெட்டி எல்லாவற்றிலும் அவன் பெட்டி மட்டும் மிச்சமில்லாமல் வரும். என்னுடைய ஆட்களில் கெட்டிக்காரன் என்று மற்றவர்களுக்கு முன்னால் அவனைத் தட்டிக்கொடுத்தேன். ஒருநாள் என் மனைவி சொன்னாள். பின்பக்கத்தில் எல்லோருக்கும் மத்தியானச் சோறு போடுகிறவள் அவள்.

"அவன் பசிக்குத் தின்னல்ல."

"பின்ன என்னத்துக்கு?"

"தெரியா. ஆனா சோத்தில ஒருக்காலும் அவன் கண் இல்ல. உப்புப் போட மறந்த கறியையும் தின்னுட்டுப் போறான்."

எனக்கு அது ஒரு பெரிய கதையாகத் தெரியவில்லை.

ஒரு முறைப்பாடு வந்தது. பள்ளிக்கூட ஒழுங்கைக்குள் பாண் ஓட்டோ சத்தமில்லாமல் போகிறதாம். வாசலுக்கு வந்து பார்த்தால் ஆள் முடக்கில் திரும்பிவிட்டானாம். நான் அவனைக் கூப்பிட்டேன்.

"ஏன்டா பாட்டுப் போடல்ல?"

"ஸ்பீக்கர் பழுது முதலாளி."

"மற்ற ஒழுங்கையில பாடுதாமே?"

அவன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான், ஏதோ வளைவு வருகிற மாதிரி. நான் ஏசினேன். பாட்டுப் போடாத ஓட்டோ எனக்கு வேணா என்றேன். அடுத்த நாளிலிருந்து போட்டுக்கொண்டு போனான்.

பிறகு கால் வீங்கியது. பத்தடி நடந்தால் மதிலைப் பிடித்தான். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து என் முன்னால் இரண்டு துண்டுகளை வைத்தான். ஒன்று சீனிக்கும் பிரஷருக்கும் மருந்து எழுதினது. மற்றத் துண்டு மடித்திருந்தது.

"நிறை குறைக்காட்டி இருதயம் தாங்காதாம் முதலாளி. இந்தத் துண்டோட புதன்கிழமை புதன்கிழமை வேற ஒரு கிளினிக்குக்கும் போகச் சொன்னவர். ஒரு நேரம் லீவு தந்தீங்கண்டா..."

நான் துண்டை விரித்தேன். இங்கிலீசு எனக்கு வாசிக்கத் தெரியாது. அந்தக் கிளினிக் எது என்று மட்டும் மேலே தமிழிலும் அடித்திருந்தது. மனநலம்.

"உனக்கென்ன பைத்தியமா?"

"இல்ல முதலாளி. டொக்டர் கேட்டவர், நித்திரை கொள்ளுறயா, என்னத்துக்குத் தின்னுறாய் எண்டு. நான் சொன்ன. அதுக்குப் பிறகுதான் எழுதினவர்."

"என்ன சொன்னாய்?"

அவன் வாயைத் திறந்தான். நான் அதற்குள் பேசத் தொடங்கிவிட்டேன். இந்தத் துண்டை ஒழுங்கையில் ஒருத்தர் கண்டால் நாளைக்குப் பிள்ளைகளை உன் ஓட்டோப் பக்கம் விடுவார்களா என்று கேட்டேன். நான் என்ன படித்தா முன்னுக்கு வந்தேன், மனதைக் கட்டித்தானே வந்தேன் என்றேன். துண்டை மடித்து என் மேசை லாச்சிக்குள் போட்டேன்.

"இது இஞ்ச கிடக்கட்டும். நான் பாத்துக்கொள்ளுறன்."

"சரி முதலாளி," என்றான். ஒரு பாரத்தை இறக்கி வைத்தவன் மாதிரிச் சொன்னான். அதுதான் இன்றைக்கும் என் நெஞ்சில் கிடந்து குத்துகிறது.

அன்றைக்குச் சோறு போடும்போது என் மனைவி கேட்டாள்: "புதன்கிழமை ஒரு நேரம் அவனை விட்டா உங்கட போறணை அணைஞ்சிடுமா?" நான் ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் முடிக்காமல் விட்டதில்லை என்று ஊருக்கே தெரியும்.

எடுத்தேன். பின்னேரம் வேலை முடிந்ததும் அவனை வாவிக்கரையால் நடக்க வைத்தேன், நானும் கூட நடந்தேன். தேத்தண்ணிக்குச் சீனி கிடையாது. வீட்டிலிருந்து குரக்கன் பிட்டு வந்தது. சனிக்கிழமை தோறும் மா மூட்டை நிறுக்கிற தராசில் அவனை ஏற்றி, நிறையைப் பின்சுவரில் வெண்கட்டியால் எழுதினேன். சுற்றி நின்று எல்லோரும் கை தட்டுவார்கள். அவன் மூட்டை நிற்கிற மாதிரி அசையாமல் நிற்பான்.

ஒரு சனிக்கிழமை நிறை கூடியிருந்தது. எனக்குச் சந்தேகம். ஓட்டோவின் ஆசனத்தைக் கிளப்பிப் பார்த்தேன். கீழே கடதாசியில் சுற்றி ஒரு முதலை.

"பிடிச்சன்டா கள்ளனை!"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"அது எனக்கில்ல முதலாளி."

"பின்ன ஆருக்கு?"

கேட்டுவிட்டு நான் பதிலுக்கு நிற்கவில்லை. போறணைக்குப் பின்னால் வாவி. வீசி எறிந்தேன். பணிஸ் ஊறித் தாழும் மட்டும் அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். என் மனைவி கதவடியில் நின்றவள் உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அவள் எனக்குச் சோறு போடவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

நடக்கும்போது அவனாக ஒரே ஒரு தரம் பேசினான். பாலத்தடியில் மூச்சு வாங்க நின்றோம். வலை போடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"தின்னக்குள்ள மட்டும்தான் முதலாளி மண்டைக்குள்ள ஆரும் கூப்பிடாம இரிக்கிறது."

"இப்ப?"

"இப்ப எந்த நேரமும் கூப்பிடுது."

"நட, நட. நடந்தா எல்லாம் போயிடும்," என்றேன்.

நிறை இறங்கியது. ஒரு சனிக்கிழமையோடு மொத்தம் பதினொரு கிலோ குறைந்திருந்தது. நான் மார்க்கெட்டிலும் கோயிலிலும் கல்யாண வீடுகளிலும் அவனைக் காட்டிக் காட்டிச் சொன்னேன்: டொக்டரால் ஏலாததை நான் செய்து காட்டினேன் என்று. ஹான்டில் இப்போது அவன் வயிற்றில் முட்டவில்லை. ஆனாலும் வளைவு வந்தால் அவன் மூச்சைப் பிடித்தான். அவனுடைய பகிடியும் சிரிப்பும் போய்விட்டன. ஒழுங்கைப் பெண்கள், "என்ன மாமா மெலிஞ்சு போயிட்டீங்க, சுகமில்லையா?" என்று கேட்டால், "ஓம், சுகமில்ல" என்பானாம். அவர்கள் அதற்குச் சிரிப்பார்களாம். உடம்பு இறங்கின ஆளை நான் ஊருக்குக் காட்டிக்கொண்டு திரிந்தேன்; வாய் திறந்து அவன் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு ஒரு காலை, பள்ளிக்கூட ஒழுங்கையிலிருந்து போன் வந்தது. உங்கள் ஓட்டோ படலையடியில் நிற்கிறது, பாட்டு நிற்காமல் போகிறது, ஆள் இறங்குகிறார் இல்லை என்றார்கள். நான் மோட்டார் சைக்கிளில் போனேன். இடைவேளை. பிள்ளைகள் இரண்டு கையிலும் பணிசோடு நின்றார்கள். பெட்டி வெறுமையாகிக் கிடந்தது. அவன் ஆசனத்தில் இருந்தான், கை இரண்டும் முழங்காலில்.

"என்னடா செய்தாய்?"

"எல்லாருக்கும் குடுத்துட்டன் முதலாளி. ஒண்டும் மிஞ்சல்ல. இன்னும் ஒரு கை நீளுது."

நான் பாட்டை நிறுத்தினேன். அங்கேயிருந்து ஆஸ்பத்திரிக்கு ஐந்து நிமிசம். நான் அவனை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். இரண்டு நாள் படுத்து எழும்பு, சரியாகும் என்றேன். மூன்றாம் நாள் வந்தான். வந்துவிட்டானே என்று நானும் விட்டுவிட்டேன்.

மாரி தொடங்கின மாதம் அவன் இருதயம் நின்றது. வேலைக்குப் புறப்பட்டுச் செருப்பைப் போட்டபடி வாசலில் இருந்தானாம்.

செத்த வீட்டில் எல்லோரும் ஒரே பாட்டுத்தான். "பாவம், வாயைக் கட்ட ஏலாமப் போச்சு." "பாண் போறணையில வேலை செஞ்சா என்ன செய்யிற?" நானும் தலையை ஆட்டினேன். அவன் பெண்சாதி மண்டூரிலிருந்து வந்திருந்தாள். அழுது முடிந்த முகம். நான் கிட்டப் போனதும் மெதுவாகக் கேட்டாள்.

"முதலாளி, அந்தத் துண்டு உங்களுக்கிட்டயா இரிக்கு?"

"எந்தத் துண்டு புள்ள?"

"கிளினிக் துண்டு. போனில ஒவ்வொரு நாளும் கேக்கிற நான், போனீங்களா எண்டு. முதலாளியிட்டக் கிடக்கு, அவர் பாத்துக்கொள்ளுவார் எண்டு சொல்லுவார்."

நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படலையால் வெளியே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நானும் பல தரம் யோசித்தேன். அவன் வாயா, அவன் மனமா, நான் கொடுத்த வேலையா, ஒழுங்கைக்கு ஒழுங்கை அன்பாகக் கலக்கித் தந்த சீனியா? ஒன்றைப் பிடித்தால் மற்றது அதோடு சேர்ந்து வருகிறது. பிரித்துப் பார்க்க எனக்குப் படிப்பும் இல்லை. அலுத்துப் போய் விட்டுவிடுவேன்.

போன வருடம் என் மனைவி கண்ணை மூடிவிட்டாள். மூன்று போறணையும் எரிகிறது, ஒன்பது ஓட்டோவும் போகிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் போட்டதைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுக் கையைக் கழுவுகிறேன். பின்னேரம் நடக்கப் போனால் கண்டவர்கள் எல்லோரும் புகழ்கிறார்கள்.

"முதலாளி, இந்த வயசிலயும் உடம்பை எப்பிடி வச்சிரிக்கிறீங்க! கட்டுப்பாடெண்டா உங்களுக்கிட்டத்தான் படிக்கோணும்."

முன்பென்றால் அரை மணித்தியாலம் நின்று பதில் சொல்லுவேன். இப்போது கையை மட்டும் காட்டிவிட்டு நடக்கிறேன்.

தலைச்சுற்று என்று மகள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அந்த டொக்டர் இளம் பிள்ளை. என்னென்னவோ கேட்டது, கடைசியாக, "ஐயா, தனியா இருக்கேக்க என்ன செய்வீங்க?" என்று கேட்டது. சொன்னேன். ஒரு துண்டு எழுதித் தந்தது. மேலே தமிழிலும் அதே சொல் அடித்திருந்தது. அதை வைப்பதற்கு மேசை லாச்சியை இழுத்தேன். அடியில் மற்றத் துண்டு கிடந்தது. மடிப்பு மடிப்பாகவே. இரண்டையும் எடுத்துச் சேர்ட் பையில் வைத்தேன்.

புதன்கிழமை போனேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. நீள மர வாங்கில் நிறையப் பேர். நான் பயந்த மாதிரி ஒருவரும் இல்லை, பஸ்சுக்கு நிற்கிறவர்கள் மாதிரித்தான் இருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் என்னை அடையாளம் கண்டுவிட்டார்.

"முதலாளி, நீங்க எங்க இஞ்ச? ஆரைக் கூட்டி வந்தீங்க?"

"ஆரையும் இல்ல. நான்தான் வந்த."

அவர் கொஞ்சம் தள்ளி எனக்கு இடம் விட்டார். என் முறை வந்தபோது மேசையில் இருந்த நேர்ஸ் பிள்ளை கையை நீட்டியது. பையில் இருந்ததை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். அது ஒன்றை வாசித்தது, மற்றதை வாசித்தது, திரும்பவும் முதலாவதைப் பார்த்தது.

"ரெண்டு துண்டு இரிக்கு ஐயா. மற்ற ஆள் எங்க?"

"அவன் வரல்ல புள்ள," என்றேன். "நான் விடல்ல."